கரையொதுங்கும் கடற்புல்லில் மருந்துச் சத்து: சுங்குவார்சத்திரம் விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது?

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லிலிருந்து மருந்து, அழகுசாதனப் பொருள், பயிர் ஊக்கி ஆகியவற்றுக்குத் தேவையான இயற்கை வேதிப்பொருட்களைப் பிரித்தெடுக்கலாம் என்ற செய்தி அவ்வப்போது செல்போனில் வலம் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு மொளச்சூர், சந்தவேலூர், மதுரமங்கலம் என்று சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் விவசாயிகள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, அந்தக் கடற்புல்லை லாரியில் இறக்கி வயலுக்கு உரமாகப் போடலாமா? இரண்டு, சிப்காட்டுக்கு நிலம் கொடுத்து வந்த பணத்தில் இப்படியொரு சிறு தொழில் தொடங்கலாமா? மூன்று, உரக்கடையில் 'கடல் சத்து' என்று பாட்டிலில் விற்பதை வாங்கித் தெளிக்கலாமா?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் இரண்டுக்கும் 'வேண்டாம்'. மூன்றாவதற்கு 'பார்த்து வாங்குங்கள், சோதித்துப் பார்த்துத் தொடருங்கள்'. நவரைப் பட்டத்துக்கு இடுபொருள் வாங்கும் முன்பு, ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கடற்புல் வேறு, கடற்பாசி வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கடற்பாசி என்பது பாசி இனம். அதற்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. பாறையிலோ கயிற்றிலோ ஒட்டிக்கொண்டு உடம்பு முழுவதாலும் சத்தை உறிஞ்சும். கடற்புல் அப்படியல்ல. நம் நெல்லைப் போல ஒருவித்திலைத் தாவரம். சேற்றிலும் மணலிலும் வேர் விட்டு, மண்ணுக்கடியில் கிழங்குபோல் தண்டு ஓடி, இலை விட்டு, கடலுக்குள்ளேயே பூத்துக் காய்க்கும்.

நம் நாட்டில் கடற்புல் மூடிய பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் பெரும்பகுதி பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும்தான் இருக்கிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரையோரங்களில் வடகிழக்குப் பருவமழைக் காற்றுக்கும் அலைக்கும் பிறகு அறுந்த இலைகள் கரையில் குவியலாக ஒதுங்கும். செய்திகளில் வரும் மூலப்பொருள் இதுதான்.

உரக்கடையில் நாம் வாங்கும் பாட்டில்களில் இருப்பது கடற்புல் அல்ல, கடற்பாசிச் சாறு. கடற்புல்லைப் பற்றி வந்த ஆராய்ச்சிச் செய்தியைக் காட்டி யாராவது கடற்பாசி பாட்டில் விற்றால், அந்தச் செய்தி அந்தப் பாட்டிலுக்குச் சாட்சி ஆகாது.

கடற்புல்லில் அப்படி என்ன இருக்கிறது?

கடலுக்குள் நிற்கும் செடியைப் பூஞ்சாணமும் பாக்டீரியாவும் சும்மா விடாது. தற்காத்துக்கொள்ள அது சில வேதிப்பொருட்களைத் தன் இலையில் உண்டாக்கிக்கொள்கிறது. நம் வேம்பு தன் கசப்பைச் சேர்த்து வைத்துக்கொள்வதுபோல. கடற்புல்லில் அவை பெரும்பாலும் பீனால் வகைப் பொருட்கள்.

இதில் நன்கு ஆராயப்பட்டவை மூன்று. வடகடல்களில் வளரும் சோஸ்டெரா என்ற கடற்புல்லில் சோஸ்டெரிக் அமிலம் கிடைக்கிறது. கிருமிகளும் கடல் உயிர்களும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்வதை இது தடுக்கும் என்பதால், கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் வண்ணங்களில் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கிறார்கள். அதே இனத்தில் ரோஸ்மரினிக் அமிலமும் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் ஆர்க்கஷோன் கடற்கழியில் கரையொதுங்கிய சருகிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்ற கடற்புல்லில் சிக்கோரிக் அமிலம் கிடைக்கிறது. பின்னிரண்டும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை உடையவை.

சோஸ்டெராவும் பொசிடோனியாவும் குளிர்ந்த அல்லது மிதமான கடல்களின் செடிகள். நம் பாக் விரிகுடாவில் வளர்பவை சைமோடோசியா, தலாசியா, சிரிங்கோடியம், ஹாலோஃபிலா, எனாலஸ் போன்ற வெப்பக் கடல் இனங்கள். இவற்றின் சாற்றை நோய்க்கிருமிகள் மீதும் கொசுப் புழுக்கள் மீதும் நம் தமிழகப் பல்கலைக்கழகங்களின் கடல் உயிரியல் துறைகளில் ஆய்வகச் சோதனை செய்திருக்கிறார்கள். சில நல்ல முடிவுகளும் வந்துள்ளன. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடுத்தது என்பதும், வயலில் நோயைத் தடுக்கும் என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் நச்சுத்தன்மைச் சோதனை, வயல் சோதனை, பதிவு, விலை என்று பல படிகள் இருக்கின்றன.

ஆய்வகத்திலிருந்து தொழிலுக்கு எவ்வளவு தூரம்?

பிரித்தெடுக்கும் முறை கேட்பதற்கு எளிது. ஒதுங்கிய இலையைப் பொறுக்கி, மணலும் உப்பும் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, தண்ணீர் அல்லது சாராயக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, குறைந்த சூட்டில் கரைசலை ஆவியாக்கி, கடைசியில் மிஞ்சும் பசையைப் பொடியாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதல் சிக்கல் சரக்கின் தரம். வேண்டிய பீனால் பொருட்களில் பல தண்ணீரில் கரைபவை. கரையில் கிடக்கும் இலையை அலை நனைத்து, வெயில் காய்ச்சி, மறுபடி அலை நனைக்கும்போது சத்து வடிந்துபோகும். நேற்று ஒதுங்கிய இலையும் பத்து நாள் கிடந்த இலையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளிருக்கும் சரக்கு வேறு. மாதத்துக்கு மாதம், இனத்துக்கு இனம் அளவு மாறும்.

இரண்டாவது, மகசூல். ஆர்க்கஷோன் சருகில் ஒரு கிலோ உலர்ந்த எடைக்கு ரோஸ்மரினிக் அமிலம் சில கிராமிலிருந்து 20 கிராமுக்குள்தான் இருந்தது. கைக்கு வருவது அதிலும் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது, போட்டி. இதே ரோஸ்மரினிக் அமிலம் நம் புதினாவிலும் திருநீற்றுப்பச்சிலையிலும் இருக்கிறது. நிலத்தில் பயிரிட்டு, ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் அறுத்துத் தரக்கூடிய செடி இருக்கும்போது, ஒரு மருந்துக் கம்பெனி கடற்கரைச் சருகுக்கு அதிக விலை ஏன் கொடுக்க வேண்டும்? கடற்புல்லில் மட்டுமே கிடைக்கும் பொருளாக இருந்தால்தான் அதற்குத் தனி விலை. அதுவும் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்ய முடியாத பொருளாக இருக்க வேண்டும்.

நான்காவது, உரிமம். சாராயக் கரைசல் தீப்பிடிக்கும் பொருள். அதைச் சேமிக்கவும் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும். கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அளந்து சான்று காட்டாமல் எந்த மருந்துக் கம்பெனியும் வாங்காது. இது வீட்டுக் கொல்லையில் செய்யும் மதிப்புக்கூட்டல் அல்ல.

அள்ளுவதற்கு முன் கடலையும் பார்க்க வேண்டும்

'வீணாகக் கிடப்பதைத்தானே எடுக்கிறோம்' என்று தோன்றலாம். கரையில் குவிந்த கடற்புல் வீண் இல்லை. அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் அது மெத்தைபோல் தாங்குகிறது. நண்டுக்கும் சிறு பூச்சிகளுக்கும், அவற்றைத் தின்னும் பறவைகளுக்கும் அது இரை. மக்கி மறுபடி கடலுக்கே சத்தாகப் போகிறது. நம் வயலில் வைக்கோலை மடக்கி உழுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் கடுமையானது. கடற்புல் படுகைகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி மிகவும் பாதுகாக்கப்பட்ட முதல் பிரிவில் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதன் தீனி கடற்புல்தான். மீன் குஞ்சுகளும் இறாலும் நண்டும் வளரும் இடமும் அதுவே.

ஒதுங்கியதற்கு விலை என்று ஒன்று வந்துவிட்டால், ஒதுங்காததையும் பிடுங்கும் கை வரும். ஆற்று மணலுக்கும் ஏரி மண்ணுக்கும் என்ன நடந்தது என்று நம் பகுதி விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரியில் இறக்கி உரமாகப் போட்டால்?

கரையோர மக்கள் கடற்புல்லை எருவாகப் போட்டது உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளில் கரையொதுங்கும் இதைச் சாதாளை என்று சொல்லி, தோட்டத்துக்கும் தென்னைக்கும் பசளையாக இடும் வழக்கம் இருந்திருக்கிறது. அங்கே கடல் பக்கத்தில் இருக்கிறது, மண் நன்றாக நீர் வடியும் மண், மழை உப்பைக் கழுவிவிடும், தென்னை உப்பைத் தாங்கும். இந்த நான்கும் சேர்ந்ததால் அது சரிப்பட்டது.

நம் நிலைமை வேறு. ராமநாதபுரம் கரையிலிருந்து சுங்குவார்சத்திரம் சுமார் 500 கிலோமீட்டர். ஈரக் கடற்புல்லில் பெரும்பங்கு தண்ணீர். லாரி வாடகை கொடுத்து நாம் கொண்டுவருவது கடல்நீரைத்தான்.

உப்புக் கணக்கையும் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அலசாத ஒரு டன் கடற்புல்லில் 600 லிட்டர் கடல்நீர் இருப்பதாக வைத்துக்கொண்டால் 21 கிலோ உப்பு. ஏக்கருக்கு 5 டன் போட்டால் 105 கிலோ உப்பை நாமே வயலில் கொட்டுகிறோம். ஏற்கெனவே கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும் இடத்தில், நீர் வடியாத களிமண் வயலில், இது நாற்றைக் கருக்கிவிடும். அலசிவிட்டுப் போடலாம் என்றால் அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அலசிய உப்புநீரை எங்கே விடுவது?

இன்னொன்று, கடற்புல் சீக்கிரம் மக்காது. நார்ச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. பச்சையாக மண்ணில் மடக்கினால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்துப்போகும்.

நம் வயல்வரை வந்து சேர்ந்தது கடற்பாசிச் சாறுதான்

கடலிலிருந்து விவசாயத்துக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்த தொழில்நுட்பம் ஒன்று உண்டு. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் இருக்கும் தன் நிலையத்தின் உதவியுடன் கப்பாபைகஸ் என்ற சிவப்புக் கடற்பாசியின் வளர்ப்பு முறையையும் சாறு எடுக்கும் முறையையும் உருவாக்கியது. புதிதாக அறுத்த பாசியை அரைத்துப் பிழிந்தால் சாறு தனியாக வந்துவிடும். சக்கையிலிருந்து உணவுத் தொழிலுக்கு வேண்டிய கராஜீனன் கிடைக்கும். சாறு பயிருக்கு, சக்கை தொழிற்சாலைக்கு. எதுவும் வீணாகாததால்தான் இந்தத் தொழில் நிலைத்தது.

2000-ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் மண்டபம் பகுதியில் இந்த வளர்ப்பில் இறங்கியதால் அங்கே இதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர் விழுந்துவிட்டது. மூங்கில் தெப்பத்தில் கட்டி, 45 நாளில் அறுவடை செய்யும் இந்த வேலையில் மீனவப் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இஃப்கோவின் சாகரிகா உள்ளிட்ட பல கடற்பாசித் தயாரிப்புகள் நம் கூட்டுறவுச் சங்கங்கள் வரை வந்துவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, இது அள்ளி எடுக்கும் தொழில் அல்ல, பயிரிடும் தொழில். நட்டு வளர்த்து அறுப்பதால் சரக்கின் தரம் ஓரளவு சீராக இருக்கிறது. ஒதுங்கிய கடற்புல்லில் இல்லாதது இந்தச் சீர்தான்.

2021 சட்டமும் 2025 நெருக்கடியும்

கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், புரதச் சாறு போன்றவை உரமும் அல்ல, பூச்சிமருந்தும் அல்ல. அதனால் வெகுகாலம் எந்தச் சட்டத்துக்குள்ளும் வராமல் விற்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, இவற்றை 'உயிர் ஊக்கிகள்' என்ற பெயரில் ஆறாவது அட்டவணைக்குள் கொண்டுவந்தது. எந்தப் பயிருக்கு, எந்த அளவில் பலன் தருகிறது என்று வயல் சோதனை காட்ட வேண்டும். நச்சுத்தன்மைச் சோதனை முடிவு தர வேண்டும். காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கும், காரீயம் 100 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது. பூச்சிமருந்து கலந்திருக்கக் கூடாது.

அதுவரை விற்பனையில் இருந்தவற்றுக்குத் தற்காலிகப் பதிவு தரப்பட்டது. அது பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 ஜூன் 16-உடன் முடிவடைந்தது. ஒரு காலத்தில் சுமார் 30,000 உயிர் ஊக்கிகள் கட்டுப்பாடின்றி விற்பனையில் இருந்தன, கடந்த நான்கு ஆண்டுகளிலும் சுமார் 8,000 புழக்கத்தில் இருந்தன, கெடுபிடிக்குப் பிறகு அது 650 அளவுக்கு வந்துவிட்டது என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் தெரிவித்தார். யூரியா, டிஏபி வாங்கப் போகும் விவசாயியிடம் இவற்றைச் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைத் தடுக்கும்படி மாநில முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார்.

இதை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். முன்பு புழக்கத்தில் இருந்த பாட்டில்களில் பெரும்பாலானவை சட்டப்படி இன்று விற்கக் கூடாதவை. ஆனால் தயாரித்த சரக்கு ஒரே நாளில் மறைந்துவிடாது. பழைய இருப்பைத் தள்ளிவிடும் அவசரத்தில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றோ, யூரியா மூட்டையோடு கட்டியோ கொடுக்கப் பார்ப்பவர்கள் இருக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

• லேபிளில் உயிர் ஊக்கி என்று தெளிவாக இருக்கிறதா? 'டானிக்', 'பூஸ்டர்', 'கடல் அமுதம்' என்ற பெயர் மட்டும் போதாது.
• எந்தப் பயிருக்கு, என்ன அளவு என்று எழுதியிருக்கிறதா? அரசு அறிவிக்கை பயிர்வாரியாகத்தான் வருகிறது. தக்காளிக்கு அனுமதி பெற்றதை நெல்லுக்கு நல்லது என்று விற்றால் வாங்க வேண்டாம்.
• தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்கின்றனவா?
• பூச்சியையும் நோயையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருந்தால் அது சந்தேகத்துக்குரியது. அந்த வேலைக்குத் தனிச் சட்டம், தனிப் பதிவு உண்டு.
• ரசீது கேளுங்கள். ரசீது தர வேண்டியது கடைக்காரரின் சட்டப்படியான கடமை. ரசீது இல்லாமல் புகார் நிற்காது.

சந்தேகம் இருந்தால் ஸ்ரீபெரும்புதூர் வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பாட்டிலைக் காட்டுங்கள். உர ஆய்வாளர் மாதிரி எடுத்து உரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். உரத்தோடு கட்டாயமாக வேறு பொருளைத் தள்ளினாலும் அங்கேயே எழுத்து மூலம் புகார் தரலாம்.

பாட்டில் செய்வது எது, செய்யாதது எது?

நல்ல கடற்பாசிச் சாறு பயனற்றது என்று சொல்லவில்லை. அதில் ஆக்சின், சைட்டோகைனின் போன்ற பயிர் வளர்ச்சி ஊக்கிகள் நுண்ணிய அளவில் இருக்கின்றன. வேர் பிடிக்கவும், வறட்சி, வெப்பம், உப்பு போன்ற நெருக்கடியைப் பயிர் சமாளிக்கவும் உதவுகிறது என்று பல பயிர்களில் சோதனை முடிவுகள் உள்ளன. ஆனால் அது உரத்துக்கு மாற்று அல்ல.

ஒரு சின்னக் கணக்கு. மத்திய, நீண்ட கால நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ சாம்பல் சத்து பரிந்துரை. ஒரு லிட்டர் சாற்றில் 2 சதவீதம் சாம்பல் சத்து இருப்பதாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 20 கிராம். தேவையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'இதைத் தெளித்தால் பொட்டாஷ் பாதி போதும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

தண்ணீர், உரம், களை, பூச்சி எல்லாம் சரியாக நடக்கும் வயலில் ஊக்கி தரும் கூடுதல் பலன் சிறியதாகவே இருக்கும். பயிர் தவிக்கும் நேரத்தில், அது தவிக்கத் தொடங்கும் முன்பே தெளித்தால்தான் வித்தியாசம் தெரியும். நம் பகுதியில் இளைஞர்கள் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுவதால் தெளிப்பு ஆள் கிடைப்பதே சிரமம். அந்த ஒரு தெளிப்பை எதற்குச் செலவிடுவது என்பது முக்கியமான முடிவு.

உங்கள் வயலே சாட்சி

கம்பெனி நோட்டீஸையும் நம்ப வேண்டாம், பக்கத்து வயல்காரர் பேச்சையும் நம்ப வேண்டாம். ஒரு பட்டம் சோதித்துப் பாருங்கள்.

ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட, ஒரே மாதிரி நீர் பாயும் வயலை நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஊக்கி, மறு பாதிக்கு அதே அளவு வெறும் தண்ணீர். தண்ணீர் தெளிப்பை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் வெயில் நேரத்தில் வெறும் தண்ணீரும் பயிருக்குக் கொஞ்சம் உதவும். உரம், மருந்து எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். அறுவடையில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று இடங்களில், வரப்பை விட்டுத் தள்ளி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டுத் தனியாக அறுத்து, அடித்து, உலர்த்தி எடை போடுங்கள். ஒரு கட்டத்தின் கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல்.

இப்போது செலவு. பாட்டில் 600 ரூபாய், தெளிப்புக் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000. மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்றால், செலவு திரும்பவே ஏக்கருக்கு 40 கிலோ கூடுதலாக விளைய வேண்டும். ஒரு கட்டத்தில் அது கால் கிலோ. ஏக்கருக்கு 24 குவிண்டால் விளையும் வயலில் ஒரு கட்டத்தில் சுமார் 15 கிலோ நெல் இருக்கும். அதில் கால் கிலோ வித்தியாசம் மண் மேடு பள்ளத்தாலேயே வந்துவிடும். அதனால்தான் மூன்று இடம் அறுக்கச் சொல்கிறோம். மூன்றிலும் ஊக்கி போட்ட பக்கம் தெளிவாக முந்தினால் அடுத்த பட்டமும் போடுங்கள். ஒன்றில் முந்தி, ஒன்றில் பிந்தினால், அந்தப் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து தனித்தனி வயலில் செய்து முடிவை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை

500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடற்புல்லைத் தேடுவதைவிட, நம் ஏரி, குளங்களில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். பூ விடும் முன்பு வாரி, இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, நறுக்கி, சாணக் கரைசலும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் நல்ல மக்கு உரம் கிடைக்கும். இதில் கடல் உப்பு இல்லை, லாரி வாடகை இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆகாயத்தாமரை தண்ணீரில் இருக்கும் காட்மியம், குரோமியம், காரீயம் போன்ற கன உலோகங்களைத் தன் வேரில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவோ நகரச் சாக்கடையோ வந்து சேரும் நீர்நிலையில் வளர்ந்ததை உரத்துக்கு எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மக்கு உரத்தைக் கன உலோகச் சோதனை செய்த பிறகே போட வேண்டும். கீரை, காய்கறி வயலுக்கு அப்போதும் தவிர்ப்பது நல்லது.

பட்டங்களுக்கு நடுவில் வயல் காலியாக இருந்தால் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் 45-ஆம் நாள் மடக்கி உழுங்கள். 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் உண்டு. வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பைக் கேளுங்கள்.

முதலீடு கேட்டு யாராவது வந்தால்

நிலம் கொடுத்த பணம் வங்கியில் இருக்கும் ஊர்களைத் தேடித்தான் புதுத் தொழில் யோசனைகள் வரும். ஈமு கோழியில் தமிழகம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். 'கடற்புல் மருந்து மூலப்பொருள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. எந்தக் கடற்புல் இனம், அதில் எந்தப் பொருள், கிலோவுக்கு எத்தனை கிராம்? அளந்த ஆய்வக அறிக்கை எங்கே?
2. அள்ளுவதற்கு வனத்துறை, கடற்கரை மண்டல அனுமதி யார் பெயரில் இருக்கிறது?
3. வாங்கும் கம்பெனி எது? அந்தக் கம்பெனியின் கொள்முதல் ஆணையைக் காட்ட முடியுமா? முகவரின் வாக்குறுதி போதாது.
4. இதே பொருள் நிலத்துச் செடியில் கிடைக்கிறதா? அங்கே என்ன விலை?
5. உங்கள் சொந்தப் பணம் இதில் எவ்வளவு?

இந்த ஐந்துக்கும் காகிதத்தில் பதில் வராவிட்டால் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். ஆராய்ச்சி நடக்கட்டும். நம் கடலின் செடியிலிருந்து ஒரு நாள் நல்ல மருந்து வந்தால் அது எல்லோருக்கும் பெருமை. ஆனால் ஆராய்ச்சியின் நஷ்டத்தைத் தாங்க ஆய்வு நிறுவனங்களுக்கு நிதி இருக்கிறது. இரண்டு ஏக்கர் விவசாயியின் சேமிப்பு அதற்கு உரியது அல்ல.

லேபிள், அளவு, பயிர்ப் பரிந்துரை பற்றிய சந்தேகங்களுக்கு கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். நவரை நாற்றங்கால் விடும் முன் மண் பரிசோதனை செய்துகொண்டு, அதன்படி அடியுரத்தை முடிவு செய்யுங்கள். பாட்டில் வாங்குவதை அதற்குப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.